பழவேற்காட்டுக் கடற்கரையில் ஓர் இரவு: கூடாரத்தோடு கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

முதல் தடவை நாங்கள் நாலு பேர் திருவொற்றியூரிலிருந்து கிளம்பினோம். இரண்டு கூடாரம், ஒரு பை நிறைய சிப்ஸ், ஆளுக்கு ஒரு டார்ச். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆளில்லாத கடற்கரைதானே, யாரைக் கேட்பது என்று நினைப்பு. இரவு பதினொன்றரைக்கு ரோந்து வந்தவர்கள் பெயர், முகவரி, வண்டி எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, “இப்பவே மடிச்சு எடுத்துட்டு கிளம்புங்க” என்று நின்றார்கள். அந்த இருட்டில் கூடாரத்தை மடித்து, மணலில் ஒரு மணி நேரம் நடந்து, ரயில் நிலைய நடைமேடையில் கொசுவோடு விடிந்தது. அந்தக் கடற்கரையின் பெயர் இப்போது வேண்டாம்.

இரண்டாம் தடவை ஒழுங்காகக் கேட்டுப் போனோம். நன்றாகத் தூங்கினோம். வட சென்னைக்காரர்களுக்குக் கிட்டத்தில், ஒதுங்கிய கடற்கரை என்றால் பழவேற்காடுதான். அங்கே போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எங்கே தங்குவது, எங்கே கூடாது

பழவேற்காடு ஊருக்குக் கிழக்கே பாலம் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம் என்ற மீனவர் ஊர். மேற்கே உப்புநீர் ஏரி, கிழக்கே வங்கக்கடல், நடுவில் ஒரு மணல் நாடா. மாலையில் சூரியன் ஏரியில் இறங்கும், காலையில் கடலில் ஏறும். இரண்டையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதற்காகவே போகலாம்.

குப்பத்திலிருந்து தெற்கே கரையோரமாக நடந்தால் வீடுகள் குறைந்து மணல் மட்டும் தெரியும் இடங்கள் உண்டு. முதுகில் பையோடு மணலில் இரண்டு கிலோமீட்டர் என்றால் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் நடக்கும் கணக்கு இங்கே செல்லாது.

வடக்கே போக வேண்டாம். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் அந்தப் பக்கம். நீர் வடியும் நேரத்தில் அங்கே இழுப்பு பயங்கரமாக இருக்கும், மணல்திட்டும் ஒரே இடத்தில் நிற்காது. அதைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. ஏவுதளம் இருக்கும் தடை செய்யப்பட்ட பகுதி. “கொஞ்சம் போய்ப் பார்த்துட்டு வரலாம்” என்ற பேச்சுக்கே இடமில்லை. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

2. படகு விஷயம்

கரையில் இறங்கியதும் யாராவது வந்து, “சார், போட்ல தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன், ராத்திரி தங்கிட்டு காலைல வந்து கூட்டிக்கிறேன்” என்பார். ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. உயிர்காப்புச் சட்டை இல்லாத மீன்பிடிப் படகில், ஆள் கணக்கில்லாமல் ஏறுவதுதான் இன்றும் நடக்கும் தவறு. தடையை மீறிப் போய்விட்டு நடுவில் மாட்டிக்கொண்டால் உங்களுக்கும் வழக்கு, கூட்டிப் போனவருக்கும் வழக்கு. அவர் பிழைப்பையும் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு? நடந்து போகும் கரையே போதும்.

3. நாள் பார்ப்பது

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். அப்போது நினைத்தே பார்க்காதீர்கள். ஏப்ரலுக்கு மேல் கூடாரத்துக்குள் இட்லிப் பானைதான்.

மாதம் முடிவானதும் தினசரி காலண்டரை எடுங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் ஏறும். பௌர்ணமி நிலவில் கடல் பார்க்கலாம் என்று எல்லோரும் அன்றைக்குத்தான் ஆசைப்படுவார்கள். அன்றைக்குத்தான் தண்ணீர் கூடாரத்தைத் தேடி வரும். ஊரெல்லாம் ஆகாது என்று ஒதுக்கும் அட்டமி, நவமி நமக்கு நல்ல நாள். ஏற்ற இறக்கம் குறைவு. அதிலும் வளர்பிறை அட்டமி பாருங்கள். சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருக்கும் வரை நிலா இருக்கும், நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும். பிறகு நட்சத்திரம்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: காணும் பொங்கல் (கூட்டம், போலீஸ் கெடுபிடி), ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளும் அதற்கு முந்தின நாளும். ராக்கெட் நாளில் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு இருக்கும், கரையில் ரோந்தும் கூடும். இஸ்ரோ தேதி அறிவித்திருக்கிறதா என்று கிளம்பும் வாரத்தில் பார்த்துவிடுங்கள்.

கிளம்பும் நாள் காலையில் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் தரும் அலை உயர முன்னறிவிப்பையும் பாருங்கள். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால், அது எந்த எண்ணாக இருந்தாலும் பையை இறக்கி வையுங்கள்.

4. அனுமதி: மூன்று வாசல்

இதில்தான் நான் அதிகம் அலைந்தேன். “கடற்கரையில் கூடாரம் போட அனுமதிப் படிவம்” என்று நான் போன எந்த மேசையிலும் இல்லை. ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள், அங்கே போனால் இங்கேயே திருப்பினார்கள். இரண்டு சனிக்கிழமை போயிற்று. கடைசியில் புரிந்த வரிசை இது.

முதலில் ஊர். குப்பத்துக் கடற்கரை காலி மனை இல்லை. படகு நிறுத்துவது, வலை காயவைப்பது, கருவாடு உலர்த்துவது எல்லாம் அங்கேதான். ஒவ்வொரு குப்பத்துக்கும் ஊர் நிர்வாகிகள் இருக்கிறார்கள். ஒரு வாரம் முன்னால், பகலில், நேரில் போங்கள். போனில் கேட்டால் “வேணாம்பா” என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும்.

நான் போனபோது பெரியவர் ஒருவர் வேப்பமரத்தடியில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். கையில் ஊசி, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி. விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: “ராத்திரி ரெண்டு, மூணு மணிக்கு போட் தள்ளுவோம். இருட்டுல உன் கூடாரம் நடுவுல கிடந்தா, உம் மேலயே இழுத்துட்டுப் போறதா தம்பி?” எனக்கு அதுவரை அப்படி ஒரு கேள்வியே தோன்றவில்லை. “நீங்க காட்டுற இடத்துல போட்டுக்கறோம்ணா” என்றேன். அப்புறம்தான் ஊசியைக் கீழே வைத்தார்.

அவர்கள் கேட்பது பெரும்பாலும் நாலு கேள்வி: எத்தனை பேர், பொம்பளைப் பிள்ளைகள் உண்டா, குடிப்பீர்களா, நெருப்பு வைப்பீர்களா. பதிலை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள். குடி இல்லை என்று சொல்லிவிட்டுப் பையில் பாட்டில் எடுத்துப் போகாதீர்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் உடைத்துப் போட்ட பாட்டிலில் கால் கிழிந்தவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். கோயிலுக்கு ஏதாவது கொடுக்கச் சொன்னால் கொடுங்கள். நாங்கள் 500 ரூபாய் கொடுத்தோம்.

இரண்டாவது காவல் நிலையம். பழவேற்காடு திருப்பாலைவனம் காவல் நிலையத்தின் எல்லையில் வரும். குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்னதாக ஒரு கடிதம் கொடுங்கள். அனுமதி கேட்டு எழுதினால் யாரும் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். தகவல் தெரிவிப்பதாக எழுதுங்கள். கடிதத்தில் இருக்க வேண்டியவை:

- எல்லோர் பெயரும், வயதும், முகவரியும், கைபேசி எண்ணும்
- வண்டி எண், அல்லது ரயிலில் வருகிறோம் என்ற விவரம்
- எந்தக் குப்பத்துக்கு அருகே, எந்தத் தேதி மாலை முதல் மறுநாள் காலை எத்தனை மணி வரை
- ஊர் நிர்வாகிகளிடம் பேசிவிட்டோம் என்ற ஒரு வரி, பேசியவரின் எண் (அவரிடம் கேட்டுவிட்டு)
- வீட்டில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் எண்

ஆளாளுக்கு ஆதார் நகல் ஒன்று. கடிதத்தில் இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையோடு பெற்றுக்கொண்டதாக வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள். இரவில் ரோந்து வந்தால் இந்த ஒரு தாள்தான் பேசும். வேண்டாம் என்று நிலையத்தில் சொல்லிவிட்டால் வேண்டாம்தான். அதை மீறிப் போய்த் தூங்க முடியாது.

மூன்றாவது வனத்துறை. ஏரி பறவைகள் சரணாலயம். எங்கே சரணாலய எல்லை முடிகிறது என்பது மணலில் கோடு போட்டிருக்காது. வனச்சரக அலுவலகத்தில், நீங்கள் தங்கும் இடத்தைச் சொல்லி, அது எல்லைக்குள் வருமா என்று கேட்டுவிடுங்கள். வரும் என்றால் இடத்தை மாற்றுங்கள். வாதாடிப் பயனில்லை.

5. போய்ச் சேர்வது

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயில். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் எங்கே வேண்டுமானாலும் ஏறிப் பொன்னேரியில் இறங்கலாம். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து, பிறகு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ஆட்டோ. எங்களிடம் 200 கேட்டார்கள், 150-க்கு வந்தார்கள். இரவு ஏற ஏறப் பேருந்து குறைந்துவிடும், அதனால் மதியமே போய்விடுங்கள்.

இரண்டு சிக்கல்கள். ஒன்று, இந்த ரயில் மார்க்கத்தில் பராமரிப்புப் பணி என்று வார இறுதியில் ரயில்களை ரத்து செய்வது அடிக்கடி நடக்கும். முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ஞாயிறு அட்டவணையும் வேறு. இரண்டு, கேஸ் அடுப்பு. ரயிலில் எரிவாயுக் குப்பி, மண்ணெண்ணெய் எதையும் எடுத்துப் போகக் கூடாது, அது குற்றம். “சின்ன கேன்தானே” என்பது அங்கே எடுபடாது.

பைக்கில் போகிறவர்கள் மீஞ்சூர், பொன்னேரி, திருப்பாலைவனம் வழியாகப் போங்கள். எண்ணூர், மணலி பக்கம் கண்டெய்னர் லாரிகளோடு போட்டி போட வேண்டியிருக்கும், இருட்டுவதற்குள் அதைத் தாண்டிவிட வேண்டும். வண்டியை மணலில் இறக்காதீர்கள். குப்பத்தில் ஒரு வீட்டில் கேட்டு, வாசலில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. கூடாரம் போடுவது

கரையில் காய்ந்த பாசி, சிப்பி, பிளாஸ்டிக் எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். கடைசியாகக் கடல் ஏறிய இடம் அது. அதற்கு மேலே போங்கள். இன்னும் மேலே போனால் ஊதாப் பூவோடு அடும்பங்கொடி படர்ந்திருக்கும். கொடி உயிரோடு இருக்கிறது என்றால் அலை அங்கே வழக்கமாக வருவதில்லை என்று அர்த்தம். அதன் பின்பக்கம்தான் இடம். கொடியின் மேலேயே போடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

பக்கத்திலேயே உருண்டையாக, முள்ளாக ஒன்று காற்றில் உருண்டு வரும். இராவணன் மீசை. அழகாக இருக்கிறதே என்று என் நண்பன் ஒன்றைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்தான். காலையில் காற்றடைத்த மெத்தை தரையோடு தரையாக இருந்தது. கூடாரம் விரிக்கும் முன் அந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

கூடாரத்தோடு தரும் கம்பி ஆணி மணலில் நிற்காது. முதல் காற்றுக்கே பிடுங்கிக்கொள்ளும். வீட்டில் பழைய அரிசிப் பை, சிமெண்ட் சாக்கு இருந்தால் ஆறேழு எடுத்துப் போங்கள். மணல் நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குப் புதையுங்கள். இதற்குச் செலவு பூஜ்யம், நாங்கள் கண்டதில் இதைவிட நன்றாக நிற்பது எதுவும் இல்லை. மேல் விரிப்பைக் கட்டாயம் போடுங்கள். மாசிப் பனி மழை மாதிரி சொட்டும்.

படகு இறங்கும் தடம், கரைவலை இழுக்கும் இடம் இரண்டையும் ஊர்க்காரர்களைக் காட்டச் சொல்லி, விலகிப் போடுங்கள். மாலை ஐந்துக்குள் கூடாரம் நின்றுவிட வேண்டும்.

7. நெருப்பு, வெளிச்சம், ஆமை

நெருப்பு மூட்ட வேண்டாம். கரையில் கிடக்கும் நைலான் வலைக்கு ஒரு பொறி போதும். ஒரு வலை போனால் ஒரு குடும்பத்தின் பருவமே போனது.

வெளிச்சமும் வேண்டாம், அதற்கும் காரணம் உண்டு. நாம் போகச் சொன்ன அதே மாதங்களில்தான் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும், ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. வெளிச்சம் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகள் கடல் என்று நினைத்து வெளிச்சத்தை நோக்கி நடக்கும். அதனால் கூடாரத்துக்கு வெளியே வெள்ளை விளக்கு கூடாது. டார்ச் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆமை வந்தால் இருக்கும் இடத்தில் அசையாமல் உட்காருங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதும், தொடுவதும், முட்டையை எடுப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்கில் கொண்டுபோய் விடும். ராத்திரி முழுக்கப் பாட்டு, விளக்கு வேண்டும் என்பவர்களுக்கு இது இடமே இல்லை, ஈசிஆரில் நிறைய ரிசார்ட் இருக்கிறது.

8. சாப்பாடு, தண்ணீர், மற்றது

ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். பழவேற்காடு கடைத்தெருவிலேயே கேனாக வாங்கிவிடுங்கள், குப்பத்தில் குடிதண்ணீர் அவர்களுக்கே பாடு. இரவுச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததுமே ஒரு வீட்டில் அக்காவிடம் சொல்லிவைத்தால் மீன் குழம்பும் சோறும் தூக்குவாளியில் வந்துவிடும், எங்களுக்கு ஆளுக்கு 150 ஆயிற்று. காலைக்குப் புளியோதரை. பாரிமுனையில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கட்டிப் போகலாம் என்று ஒரு யோசனை வந்தது, சாயங்காலத்துக்குள் கொழகொழவென்று ஆகி நண்டுக்குத்தான் போயிற்று.

கழிப்பறை கிடையாது. கைமண்வெட்டி ஒன்று எடுத்துப் போய், அலைக்கோட்டிலிருந்து தள்ளிக் குழி தோண்டி மூடுங்கள். காலையில் பெண்கள் கருவாடு பரப்பும் மணல் பக்கம் போகவே கூடாது. பெண்கள் குழுவில் இருந்தால், மாலையில் குப்பத்து வீட்டில் கேட்டுக்கொள்வது நல்லது, நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். கணுக்கால் நனைத்தால் போதும். செருப்பைக் கூடாரத்துக்கு வெளியே விட்டால் காலையில் உதறிப் போடுங்கள், புதர் மணலில் சுருட்டை விரியன் உண்டு. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கைபேசியில் இல்லாமல் தாளிலும் எழுதிக்கொள்ள வேண்டிய எண்கள்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

9. செலவு

நாலு பேருக்கு எங்கள் கணக்கு: ரயிலும் பேருந்தும் போக வர 400-க்குள், ஆட்டோ 300, கோயிலுக்கு 500, இரவுச் சாப்பாடு 600, தண்ணீர் 280. கூடாரம் வாடகைக்கு எடுத்தது இரண்டுக்கும் 800. மொத்தம் மூவாயிரத்துக்குள். ஊர் நிர்வாகிகளைப் பார்க்க முன்கூட்டி ஒரு நாள், கடிதம் கொடுக்க ஒரு நாள் என்று இரண்டு தடவை போய்வந்த செலவு தனி. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம், காலையில் குப்பம், மதியம் நிலையம் என்று வைத்துக்கொண்டால்.

10. காலையில்

ஆறரைக்குச் சூரியன். ஏழரைக்குள் மடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் மணல் காலைப் பொசுக்கும். சாக்கில் இருக்கும் மணலைக் கொட்டிவிட்டு, அதே சாக்கில் உங்கள் குப்பையைப் போடுங்கள். பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் சேர்த்து அள்ளிப் போட்டால் சாக்கு நிறையும். அதைக் குப்பத்தில் இறக்காமல் பொன்னேரி வரை கொண்டுவாருங்கள். ஊர் நிர்வாகியிடம் கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டு, காவல் நிலையத்துக்கும் ஒரு போன் போடுங்கள். பெரியவர் எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், “போட் சத்தத்துல முழிச்சீங்களா?” என்று. முழித்தோம். மூன்று மணிக்கு.

வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தின் ஜிப்பை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உப்பு ஏறிய ஜிப் அடுத்த தடவை திறக்காது.